கிளறாவின் பெயரில் என் குரல்

2025 மே 13, செவ்வாய்

நான் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவின் முழங்காலுக்கு மருந்து பூசி, திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்துப் போட்டுவிட்டு, மூன்று மணிக்கு வியா மக்வேதா வீதியால் நடந்து வந்தேன். உல்லாசப் பயணிகள் நடுவீதியில் நின்று ஐஸ்கிறீம் நக்குகிறார்கள். இரண்டு கையிலும் பையோடு வருகிறவளுக்கு வழிவிட ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். விமலராஜுக்கு இன்று உணவகத்தில் லீவு. லீவு நாளில் என் புருஷன் செய்கிற ஒரே வேலை பேஸ்புக் பார்ப்பது.

"இஞ்சை பாரும், உப்பளம் வருது! பலெர்மோவுக்கு! ஓகஸ்ட் முப்பத்தொண்டு!"

உப்பளம் என்பது அவுஸ்திரேலியாவில் இருக்கிற தமிழ் றொக் இசைக்குழு. நோட்டீசில் நாலு கிழவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலைக்குச் சாயம் பூசி, கிற்றாரைத் துவக்குப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முப்பது வருடமாகப் பாடிய தங்கள் பாட்டுகளையே புதிதாகப் பாடி, மற்றவர்களின் பழைய பாட்டுகள் சிலதையும் தங்கள் பாணியில் பாடி, 'இரண்டாம் சுற்று' என்று ஓர் அல்பம் போடப்போகிறார்களாம். அதற்குத்தான் இந்த ஐரோப்பியப் பயணம். புதிதாக ஒன்றும் வராவிட்டால் பழையதைச் சூடாக்குவதுதானே. மிஞ்சின கறிக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். என் குசினிக்கு யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை.

நோட்டீசின் கீழே, கிற்றார்களுக்கு நடுவில், பட்டுச்சேலையில் ஒரு பெண். "பேசாலை பஸ் பாடலின் அழியாத குரல் – கிளறா."

நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

மே 14, புதன்

அழியாத குரலாம்.

மே 18, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லார் வாயிலும் அதே கதை. பங்கு மண்டபத்தை வாடகைக்குக் கேட்டாயிற்று, வரவேற்புக் குழு போட்டாயிற்று. என்னைச் சமையலுக்குப் போட்டிருக்கிறார்கள். "செலஸ்ரீனாக்கான்ரை நண்டுக்கறி எண்டால் அவையள் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகமாட்டினம்" என்று ஒருத்தி சொன்னாள். சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

யாரும் வாசிக்காத கொப்பி இது. இதிலாவது எழுதி வைக்கிறேன்.

1994, கொழும்பு. மன்னாரில் இருக்க முடியாமல் வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஏழு பேர் ஓர் அறையில் கிடந்தோம். எனக்கு இருபது வயது. கோயில் பாடகர் குழுவில் வலன்ரைன் அண்ணை கிற்றார் வாசிப்பார், நான் பாடுவேன். அவர் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, கசெற் போட ஸ்ரூடியோவும் பிடித்துவிட்டார். பேசாலை பஸ். மன்னாரில் இருக்கிற பேசாலை ஊருக்குப் போக ஒருத்தன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான், பஸ் கடைசிவரை வராது. பாட்டு தொடங்கமுதல் அரை நிமிடம், சொல் இல்லாமல், வாத்தியம் இல்லாமல், ஒரு பெண்குரல் மட்டும் வேண்டும் என்றார். என்ன பாடுவது என்று அவருக்கே தெரியாது. நான் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி மெட்டை எடுத்து, சொல்லையெல்லாம் உருவிப்போட்டு, என் மனம் போனபடி வளைத்து இழுத்தேன். சத்தம் விழும் என்று மின்விசிறியை நிற்பாட்டியிருந்தார்கள். வியர்வை கண்ணுக்குள் போனது. நடுவில் மூச்சு முட்டி, சட்டென்று வெட்டி மூச்சு எடுத்தேன். அது பிழை. ஆனால் அண்ணை அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

கசெற் அட்டையில் என் பெயர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு அப்பா ஸ்ரூடியோவுக்கே வந்துவிட்டார். ஊருக்கு அவர் சுவாம்பிள்ளை மாஸ்ரர், குரல் உயர்த்தத் தேவையில்லை, வந்து நின்றாலே போதும். "குமர்ப்பிள்ளையின்ரை பேர் கடை கடையாத் தொங்கினால் நாளைக்கு ஆர் வந்து கட்டுவான்?" அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கோயிலில் பாடலாம், வானொலியில்கூடப் 'பாடகர் குழு' என்று வரலாம். தனிப்பெயர் கூடாது. வலன்ரைன் அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய அக்கா கிளறா கலியாணம் முடித்து மெல்பேர்ணுக்குப் போய்விட்டவர். தாலி ஏறின கழுத்து, பெயர் வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. 'பெண்குரல்: கிளறா' என்று அச்சடித்தார்கள். அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். பாடியது நான் என்று எனக்குத் தெரியுமே, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். இருபது வயதில் மூளை அவ்வளவுதான்.

பிறகு அண்ணையும் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அங்கே ட்ரம்ஸும் எலெக்ற்றிக் கிற்றாரும் சேர்த்து அதே பாட்டை றொக் ஆக்கினார்கள். தொடக்கக் குரலை மட்டும் பழைய கசெற் ரேப்பிலிருந்து வெட்டி ஒட்டினார்கள். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், தமிழன் கலியாணம் கட்டுகிற மண்டபம் எல்லாவற்றிலும் அது ஒலித்தது. கிளறா அக்கா மேடைக்கு மேடை ரேப்புக்கு வாயசைத்தார்.

என் கலியாண வீட்டிலும் அந்தப் பாட்டைப் போட்டார்கள். மாப்பிள்ளை ஆடினார்.

மே 19, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது. இவருக்கு ஒருதரம் சொல்லியிருக்கிறேன். லக்ஷனா வயிற்றில் இருந்த நேரம். "அந்தத் தொடக்கம் பாடினது நான்தான்" என்றேன். "ஓம் ஓம், அதிலை ட்ரம்ஸ் அடிச்சது நான்" என்றார். பகிடி. கெட்ட மனுஷன் இல்லை. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அன்றோடு அந்தக் கதை முடிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

வலன்ரைன் அண்ணை போன் எடுத்தார். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. யாரோ சொந்தக்காரரிடம் இலக்கம் வாங்கினாராம்.

"தங்கச்சி, சுகமா இருக்கிறீரோ? தொண்டை எப்பிடி?"

சுகம் விசாரித்து முடிக்கமுதல் தொண்டையை விசாரித்தார். அப்போதே விளங்கிவிட்டது.

பழைய மூல ரேப் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போய்விட்டதாம். மிஞ்சியிருக்கிற பிரதிகளில் இரைச்சல், புது அல்பத்துக்கு ஒத்துவராது. பலெர்மோ நிகழ்ச்சியை அப்படியே பதிந்துதான் அல்பத்தில் சேர்க்கப்போகிறார்கள். கிளறா அக்கா முன்னால் நிற்பார். நான் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாடவேண்டும். இவர்கள் ஏன் றோமையும் மிலானையும் விட்டுவிட்டுப் பலெர்மோவுக்கு வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறது. என் தொண்டைக்காக வருகிறார்கள்.

"என்ரை பேர்?" என்று கேட்டேன்.

"மேடையிலையே சொல்லுறன். நீர் பாடி முடிய நான் திரையை விலக்கி, இந்தா இவதான் எண்டு கூப்பிடுறன். சனம் அதிர்ந்து போகும். இவ்வளவு காலத்துக்குப் பிறகாவது சொல்லத்தானே வேணும் தங்கச்சி" என்றார்.

"சொன்னால் பாடுறன்."

"சத்தியமாச் சொல்லுவன்."

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஒருதரம், ஒரு மைக்கில், என் ஆட்கள் முன்னால், செலஸ்ரீனா என்று சொல்லவேண்டும். விமலராஜ் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

சிஞ்ஞோராவின் குளியலறையில் பாடிப் பார்த்தேன். அங்கேதான் எதிரொலி இருக்கிறது. சுவர் கழுவிய கந்தெஜினா வெளுப்பு மருந்தின் நெடி தொண்டையைப் பிடித்து இருமல் வந்தது. இருபது வருடமாக மற்றவர்களின் கக்கூஸ் கழுவின மருந்துத் தண்ணீரை மூக்கால் குடித்தவளுக்குக் குரல் இருக்குமா? கீழே இறக்கிப் பிடித்தேன். வந்தது. கொஞ்சம் தடித்துப்போன, கரகரத்த குரல். ஆனால் என்னுடையது.

வெளியே வந்தால் சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் பயந்துபோய் இருக்கிறார். "கி ஏ மோர்த்தோ?" யார் செத்தது என்று கேட்கிறார்.

"ஒருவரும் இல்லை" என்றேன். அவருக்குப் பாதிக் காது. அதற்கே இந்தப் பாடு என்றால் முழுக்காது உள்ளவர்களுக்கு எப்படி இருக்கும்! இன்று முழுக்க அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு மெதுவாக இழுத்துப் பார்த்தேன். லக்ஷனா கதவடியில் நின்றதைக் காணவில்லை. இருபது வயது மகள், கலாசாலையில் படிக்கிறாள், காதில் எப்போதும் எதையாவது செருகியிருப்பாள். இன்று இரண்டையும் பிடுங்கி எடுத்துவிட்டு நின்றாள்.

"மா சேய் தூ! அம்மா, இது நீங்கள்! அந்த மூச்சு எடுக்கிற இடம்!"

ஒன்றும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. தகப்பனுக்குச் சொல்லியும் விளங்காதது. எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கி, பிறகு கோபம் வந்து, உடனே இன்ஸ்டகிராமில் போடப்போகிறேன் என்று துள்ளினாள். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அண்ணை சொல்லுவார், மேடையில் சொல்லுவார், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே, அப்பாவுக்கும் சொல்லாதே.

"சொல்லாட்டில்?"

"சத்தியம் பண்ணினவர்."

என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. நான் அவளுடைய மகள் மாதிரிப் பார்த்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

கந்தெஜினாவை விட்டு வினாகிரியால் கழுவுகிறேன். வெந்நீர், தேன், கொத்தமல்லி. குரல் ஏறிவிட்டது. இன்று அந்த உச்சியைத் தொட்டேன்.

ஓகஸ்ட் 9, சனி

இவர் சத்தமாக ஒரு பேட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளறா அக்கா பேசுகிறார். "அண்டைக்கு ஃபானை நிப்பாட்டிப்போட்டினம். கண்ணுக்குள்ளை வேர்வை ஓடுது. மூச்சு முட்டிப்போச்சு, அப்பிடியே வெட்டி எடுத்தனான். அதுதான் பிறகு பேமஸ் ஆச்சு."

வியர்வையையுமா?

வலன்ரைன் அண்ணை சொன்ன கதையைச் சொல்லிச் சொல்லித் தனக்கு நடந்ததாகவே ஆக்கிவிட்டார். பொய் சொல்கிறவர் முகம் அப்படி இராது. அந்த மனுஷி நம்புகிறார். கள்ளி என்று திட்டக்கூட எனக்கு வழியில்லை.

"என்ன மாதிரிப் பாடியிருக்கிறா பாரும்" என்று இவர் சொன்னார். சோற்றை இறக்கிவைத்துவிட்டு பலாறோச் சந்தைக்குப் போய்விட்டேன். வாங்க ஒன்றும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் 29, வெள்ளி

வந்துவிட்டார்கள். பகேரியாவில் ஒரு பழைய மாளிகை வீட்டில் தங்கியிருக்கிறார்கள். நண்டுக்கறிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரெயினில் போனேன். எதிரில் இருந்த இத்தாலியன் மூக்கைப் பொத்தினான்.

நாலு பேருக்கும் வயது தெரிகிறது. ஒருத்தருக்கு இடுப்பில் பட்டி, ட்ரம்ஸ்காரருக்கு நீரிழிவு, சோறு வேண்டாம் என்றார். தாடி நரைத்த வலன்ரைன் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை உண்மைதான். அந்தாளுக்கு எப்பவும் கண்ணீர் சுகமாக வரும். கிளறா அக்கா, "நீங்கள்தானோ பின்னாலை ஹெல்ப் பண்ண வாறது? தாங்ஸ் அம்மா. எனக்கும் இப்ப முந்தினமாதிரி ஏலாது" என்றார்.

ஹெல்ப்.

அவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை போல. நாளைக்குச் சொல்லுவார்.

ஓகஸ்ட் 30, சனி

மண்டபத்தில் ஒத்திகை. பாடினேன். முதல் தரமே சரியாக வந்தது. கிற்றார்காரர்கள் வாசிக்க மறந்து நின்றார்கள். திரைக்கு அந்தப்பக்கம் கிளறா அக்கா வாயசைத்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு பொத்தல், அதால் பார்த்தேன். முடிந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு அப்படியே நிலத்தைப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

பிறகு அண்ணை என்னைக் கதிரைகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, கோவிக்காதையும். கிளறாக்காவுக்கு நேற்று ராத்திரிச் சொன்னனான். அதுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடேல்லை. பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை, எங்கடை அம்மம்மா பாடினது எண்டு சொல்லித் திரியுதுகள். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை எப்பிடி அவவை... நீர் யோசிச்சுப் பாரும்."

"அப்ப என்ரை பேர்?"

"அல்பத்திலை போடுவம். நன்றி எண்டு ஒரு பக்கம் இருக்கு. அதிலை கட்டாயம் போடுவம்."

நன்றிப் பக்கம். மண்டபம் தந்தவர், வான் ஓட்டினவர், நண்டுக்கறி தந்தவர், செலஸ்ரீனா.

"ஓம்" என்றேன். "ஓம் அண்ணை, பரவாயில்லை." அப்பாவுக்குச் சொன்ன அதே ஓம். ஐம்பத்தொரு வயதிலும் வாய் அதைத்தான் சொல்கிறது. என்ரை வாயிலை நெருப்பை வைக்க.

ஓகஸ்ட் 31, ஞாயிறு, காலை

முடிவெடுத்துவிட்டேன். இன்று போவேன், திரைக்குப் பின்னால் நிற்பேன், மைக்கைப் பிடிப்பேன். பாடமாட்டேன். கிளறா வாயைத் திறக்கட்டும். அந்த வாயிலிருந்து என்ன வருகிறது என்று நானூறு பேரும் கேட்கட்டும்.

செப்ரெம்பர் 1, திங்கள்

எழுதத்தான் வேண்டும். கை ஓடவில்லை.

ஐந்து மணிக்குத் தொடங்கியது. மண்டபம் முட்டிவிட்டது. மன்னார் ஆட்கள், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி ஆட்கள், பின்னால் கொஞ்சம் மொரிசியஸ்காரரும் நின்றார்கள். முதலில் தங்கள் பழைய பாட்டுகளை மெதுவாக்கிப் பாடினார்கள். வயதுபோனதும் எல்லாப் பாட்டும் மெதுவாகிவிடும் போல. பிறகு எழுபதுகளின் ஆங்கிலப் பாட்டு இரண்டு, ஒரு பழைய பைலா. பைலாவுக்கு இவர் ஆடினார். லக்ஷனா ஆடவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணை சொல்லப்போகிறார் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லை மாற்றியதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

வெளிச்சம் அணைந்தது. ஒரு வட்ட வெளிச்சம் கிளறா அக்காமேல் மட்டும். சனம் மூச்சுக்காட்டாமல் இருந்தது. என் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு விநாடி. இரண்டு. அக்காவின் வாய் திறந்தபடி. மூன்று. அண்ணை திரையைத் திரும்பிப் பார்த்தார். பொத்தலுக்குள்ளால் அவர் முகம் வெளிறுவதைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது, அதை மறைக்கமாட்டேன். நாலு. கிளறா அக்கா கண்ணைத் திறந்தார். பார், பார், எல்லாரும் பாருங்கோ.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து சூசையம்மாவின் குரல் எழும்பியது.

எங்கள் பங்கில் பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரியை எடுத்துக்கொடுக்கிற மனுஷி அவர். ஒப்பாரி படிக்கிறவளுக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருக்கிறவள் அந்த அடியைத் தூக்கவேண்டும், நிற்க விடக்கூடாது. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை, சின்ன வயதிலேயே பழகிவிடும். படிக்கிறவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், என்ன நடந்தது என்று கேட்கமாட்டார்கள். எடுத்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் ஊரில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை எப்படி மறந்தேன்? அந்த மெட்டிலிருந்து பிறந்த ராகத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சனத்தின் முன்னால், வாயை மூடி நின்றால் அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனே. விசரி!

சூசையம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் சேர்ந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு மண்டபம் முழுக்க. நானூறு பேர், ஆம்பிளைகள், பிள்ளைகள், இவர்கூட. சொல் இல்லாத அந்த ராகம் எல்லாருக்கும் பாடமாக இருந்தது. நான் பிழையாக மூச்சு எடுத்த இடத்தில் நானூறு பேரும் ஒன்றாக மூச்சு எடுத்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. பெருமையில் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். ஆத்திரத்தில் வந்தது. இடையில் சேர்ந்து பாடியிருக்கலாம், மைக் என் கையில்தான் இருந்தது. வாய் திறக்கவில்லை. வீம்பு. கிளறா அக்கா பாடினார், உண்மையாகவே தன் சொந்தக் குரலில், சனத்தோடு சனமாக. கரகரவென்று கேட்டது. அண்ணை தன் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

முடிந்ததும் கைதட்டல் நிற்கவேயில்லை. அண்ணை திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். ஏசப்போகிறார், ஏசட்டும், அப்போதாவது நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று நின்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தங்கச்சி! எப்பிடி அம்மா உமக்கு அந்த யோசினை வந்தது? நீர் விட்டுக் குடுத்தீரே... சனம் பாடிச்சுது பாரும்! முப்பது வருஷத்திலை இப்பிடி ஒருநாளும் நடக்கேல்லை!"

அவர் கையிலிருந்து என் கையைப் பிடுங்கி எடுக்கவேண்டியிருந்தது.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

லக்ஷனா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று குசினிக்கு வந்து, "ஏன் பாடேல்லை?" என்று மட்டும் கேட்டாள். பெயர் சொல்லமாட்டேன் என்று அண்ணை சொல்லை மாற்றியதைச் சொன்னேன். "அப்ப பாடிப்போட்டுத் திரையைக் கிழிச்சுக்கொண்டு வெளியிலை வந்திருக்கவேணும்!" என்று கத்தினாள். அப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவேயில்லை. உண்மையாகவே தோன்றவில்லை. நிற்பாட்டத்தான் தெரிந்தது எனக்கு.

சத்தம் கேட்டு இவர் வந்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இவர் என்னைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"உண்மையோ செலஸ்ரீனா?"

ரேப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அப்பா செத்துவிட்டார். ஒரே ஒருநாள் கிடைத்தது, அதில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இனி என்னத்தைக் காட்டுவது?

"பகிடிக்குச் சொல்லுறாள்" என்றேன்.

லக்ஷனா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். இவர் வேலைக்கு உடுப்பு மாற்றப் போனார். போகும்போது, "கிளறாக்காவுக்குப் பெரிய மனசு. மைக்கை எங்களுக்கு விட்டுத் தந்தா" என்றார்.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

பாரிஸிலும் லண்டனிலும் இப்போது அந்த இடத்தில் இசைக்குழு நிற்பாட்டிவிட்டுச் சனத்தைப் பாட விடுகிறார்களாம். வீடியோ வந்திருக்கிறது. ஆயிரம் பேர் கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு பாடுகிறார்கள். வாயசைக்க ஆள் தேவையில்லை. பின்னால் நிற்க ஆள் தேவையேயில்லை.

கிளறா அக்கா வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டிருந்தார். "தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் பாடாமல் விட்டது ஏன் எண்டு எனக்குத் தெரியும். ஒத்திகையிலை கேட்ட உடனை எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. இனி என்னையும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். இப்பதான் நித்திரை வருது." கைகூப்பின படம் ஒன்று.

பதில் போடவில்லை. அவருக்கு நித்திரை வருகிறதாம். நல்லது.

நவம்பர் 5, புதன்

கந்தெஜினாவுக்குத் திரும்பிவிட்டேன். வினாகிரிக்கு ஊத்தை போகவில்லை என்று சிஞ்ஞோராவின் மகள் சொன்னாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அல்பம் வெளியாகிவிட்டது. பூசை முடிந்து எல்லாரும் படியிலேயே நின்று கைத்தொலைபேசியில் கேட்டார்கள். பன்னிரண்டு பாட்டு. எட்டு அவர்களுடைய பழையது, நாலு மற்றவர்களுடைய பழையது. கடைசியில் பேசாலை பஸ். விமலராஜ் எழுத்தைப் பெரிதாக்கி உரத்து வாசித்தார். கிற்றார் இன்னார், ட்ரம்ஸ் இன்னார். அதற்குக் கீழே, 'தொடக்கக் குரல்: பலெர்மோ தமிழ் மக்கள்.'

படியெல்லாம் கைதட்டல். கிளறாவின் பெயர் எங்கேயும் இல்லை. நன்றிப் பக்கத்தையும் தேடினேன். மண்டபம் தந்தவர் இருக்கிறார், வான் ஓட்டினவர் இருக்கிறார். நண்டுக்கறி பற்றி ஒன்றும் இல்லை.

சூசையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ரை குரல் கேக்குது, அந்த முதல் அடி" என்றார். ஒவ்வொருத்தரும் காதில் வைத்துத் தங்கள் குரலைத் தேடினார்கள். இவர் என் தோளைத் தட்டி, "பாத்தீரோ? முப்பது வருஷமாக் கேட்ட பாட்டிலை இப்ப நாங்களும் இருக்கிறம். நானும் நீரும்!" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. லக்ஷனா எங்களுக்குப் பின்னால் நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.

"ஓம்" என்றேன்.

அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பாடாமல் நின்றது நான் ஒருத்திதான்.